எழுந்து நிற்கக் கூச்சம்

நேயர்களுக்கு வணக்கம். அலுவலகத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலர் இந்த நேரத்திலும் உட்கார்ந்துதான் இருப்பீர்கள். பரவாயில்லை, அப்படியே கேளுங்கள்.

எனக்குப் பிடித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. எங்கே பேசக் கூப்பிட்டாலும் அதைச் சொல்லாமல் விடமாட்டேன். லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ் ஊழியர்களைக் கவனித்தார். டிரைவர் நாள் முழுக்க சீட்டில். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மேலும் கீழுமாக நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். பஸ் ஒன்றுதான், சாலையும் ஒன்றுதான். ஆனால் இதயநோய் கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. 1953இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இதை வெளியிட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். 'ஏற்கெனவே பருமனாக இருந்தவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போனார்களோ?' என்ற கேள்வியும் இருந்தது. உடனே ஊழியர்களின் சீருடை அளவுகளைத் தேடி எடுத்தார்கள்! இளவயது டிரைவர்களுக்குக்கூட கண்டக்டர்களைவிட இடுப்புச் சுற்றளவு அதிகமாகவே இருந்தது. ஆக, வேலை மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. தன் கண்டுபிடிப்பைத் தானே சந்தேகப்பட்ட அந்தக் குணத்துக்காகவே மாரிஸை எனக்குப் பிடிக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பஸ் ஓட்டும்போது டிரைவரால் எழுந்திருக்க முடியாது. நம்மால் முடியும். பிறகு ஏன் எழுந்திருப்பதில்லை?

சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதிக நேரம் உட்காருவது கெடுதல் என்று தெரியாதவர் இன்று யார்? தெரிந்தும் எழுந்திருக்காததற்குப் பெரிய காரணம் கூச்சம். மீட்டிங் நடக்கும்போது நீங்கள் மட்டும் எழுந்து நின்று பாருங்கள். 'என்னாச்சு, கிளம்புறீங்களா?' என்று ஒரு குரல் வரும். சீட்டில் இருந்தால் வேலை செய்கிறார், நடந்தால் பொழுது போக்குகிறார் என்று ஒரு கணக்கு எல்லா அலுவலகத்திலும் ஓடுகிறது. யாரும் எழுதி வைத்ததல்ல, ஆனால் எல்லோரும் அதற்குக் கட்டுப்படுகிறோம். திரும்பவும் சொல்கிறேன், சோம்பல் அல்ல, கூச்சம். மேனேஜர் முதலில் எழுந்து நின்று, 'நிற்க நினைப்பவர்கள் நிற்கலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிக் கூச்சம் போய்விடும். சுவரில் ஒட்டும் போஸ்டரால் அது ஆகாது.

அடுத்தது மறதி. வேலையில் மூழ்கிவிட்டால் உட்கார்ந்திருப்பதே நினைவில் இருக்காது. அதற்காகப் போனில் அலாரம் வைக்கிறோம். யோசனை ஓடிக்கொண்டிருக்கும்போது அது அடிக்கும், எரிச்சலோடு அணைப்போம். நாளடைவில் கை தானாகவே அணைத்துவிடும். அதைவிட, தினமும் எப்படியும் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுவது மேல். போன் வந்தால் எழுந்து நின்று பேசுவேன், மின்னஞ்சல் அனுப்பிவிட்டால் தண்ணீர் எடுக்கப் போவேன், இப்படி. 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள் அதைச் செய்துமுடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நீண்ட காலமாக ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்.

நின்றுகொண்டும் வேலை பார்க்க வசதியாக உயரம் மாற்றும் மேசையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாக ஒன்று: இங்கிலாந்தில் லெஸ்டர் மருத்துவமனை ஊழியர்களிடம் ஒரு சோதனை நடந்தது, முடிவு 2018இல் வந்தது. அந்த மேசை கிடைத்தவர்கள், ஓராண்டு கழித்தும், கிடைக்காதவர்களைவிட வேலை நாளில் சுமார் 80 நிமிடம் குறைவாக உட்கார்ந்தார்கள். ஆனால் மேசை மட்டும் கொடுக்கவில்லை. கூடவே ஆலோசனையும் இருந்தது, எவ்வளவு நேரம் உட்கார்ந்தோம் என்று அவரவருக்குத் தெரியவும் வைத்தார்கள். அப்புறம், நாள் முழுக்க நிற்பதும் கால்களுக்கு நல்லதல்ல. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களைப் பற்றிப் பேச இடமில்லாமல் போய்விட்டது, மன்னிக்கவும். வணக்கம்.