அந்த ரூம்ல பேசினவங்க

வணக்கம் நேயர்களே. மேனேஜ்மென்ட் படிச்ச யாரைக் கேட்டாலும் ஹாதார்ன் ஆய்வு பத்திச் சொல்வாங்க. சிகாகோ பக்கத்துல வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியோட ஹாதார்ன் ஃபேக்டரி, 1927, ஒரு தனி ரூம். தொழிலாளி மேல கொஞ்சம் அக்கறை காட்டினா உற்பத்தி ஏறும்னு அதுல வந்த பாடத்தை நானும் பல வருஷம் கிளாஸ்ல அப்படியே நடத்தியிருக்கேன், அந்தத் தொழிலாளி யாருன்னு ஒரு தடவைகூட கேட்டதில்ல.

அஞ்சு பேர், அஞ்சு பேரும் இளம்பெண்கள். டெலிபோனுக்கான ரிலேங்கற சின்ன கருவி, 35 பாகம் கிட்ட இருக்கும், கையாலயே பூட்டி முடிச்சு பக்கத்துல இருக்கற துவாரத்துல போட்டா டேப்ல ஒரு ஓட்டை விழும், அதுதான் கணக்கு. ஒரு ரிலேக்கு ஒரு நிமிஷம் போல. கூடவே ஒரு ஆம்பளை உக்காந்து அவங்க பேசறதைக்கூட குறிச்சுக்கிட்டே இருப்பார், சில வாரத்துக்கு ஒரு தடவை டாக்டர் செக்கப் வேற. பேச்சு ஜாஸ்தி, சொன்னபடி கேக்கலன்னு 1928 ஜனவரியில ரெண்டு பேரை எடுத்துட்டு, வேகமா செய்யற வேற ரெண்டு பேரைக் கொண்டுவந்து உக்கார வச்சாங்க. இதுக்குப் பேர் அக்கறையா?

அப்புறம் 1931-ல அதே ஃபேக்டரில இன்னொரு ரூம், 14 ஆம்பளைங்க. ஒரு நாளைக்கு இவ்ளோதான்னு தங்களுக்குள்ள முடிவு பண்ணிக்கிட்டாங்க, அதைத் தாண்டி ஒருத்தன் வேகமா போனா தோள்ல குத்து விழும். பேச்சு, விளையாட்டு எல்லாமே உண்டு. ஆராய்ச்சி பண்ணவர் எதுலயும் தலையிடாம ஓரமா உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தார்.

ரெண்டு ரூமையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, கட்டுப்பாடு யார் மேல எவ்ளோ விழுந்துச்சுன்னு 1974-ல ஜோன் ஆக்கர், டொனால்ட் வான் ஹூட்டன்னு ரெண்டு சமூகவியல் ஆய்வாளர்கள் கேட்டாங்க. பெண்ணியம்னா ஆபீஸ்ல எத்தனை பெண்கள் இருக்காங்கன்னு எண்றதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்த எனக்கு அது பெரிய அதிர்ச்சிங்க, ஏன்னா அவங்க கை வச்சது நாங்க அறிவியல்னு நம்பின இடத்துலயே.

1990-ல ஆக்கர் இன்னும் ஆழமா போனாங்க. பேப்பர்ல ஒரு வேலையை எழுதறப்போ அதைச் செய்யப்போற ஆளுக்கு உடம்பு கிடையாது, பிரசவம் கிடையாது, வீட்ல காத்திருக்கற குழந்தை கிடையாது, வேலைக்காகவே பிறந்த மாதிரி ஒரு ஆள். அப்படி ஒருத்தர் இருக்கணும்னா அவருக்கு வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்க இன்னொருத்தர் வேணும். அந்த இன்னொருத்தர் செய்யற வேலை எந்த ஆர்கனைசேஷன் சார்ட்லயும் வராது.

இப்பவும் ஹாதார்ன் பாடம் நடத்தறேன். உற்பத்திக் கணக்கை அப்புறம் எடுத்துக்கறேன், முதல்ல அந்த ரெண்டு பெண்களை வெளிய அனுப்பின கதையைச் சொல்லிடறேன்.