கருகும் நெல் இலையும் ஆறு கிராம் பாக்கெட்டும்

நேயர்களுக்கு வணக்கம். கும்பப்பூ, அதாவது இரண்டாம் போக நெல் தூர் கட்டும் நேரத்தில் மழையும் காற்றும் சேர்ந்து வந்தால், குமரி மாவட்டத்தில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து ஏலாக்களில், அதாவது வயல்வெளிகளில், பாக்டீரியா இலைக்கருகல் தலைகாட்டும். இலை மஞ்சளானதைக் கண்டதுமே கடையில் ஆறு கிராம் ஆன்டிபயாடிக் பாக்கெட் வாங்கிக் கலக்கி அடிக்கிறோம். அதில் ஒன்பது பங்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஒரு பங்கு டெட்ராசைக்ளின். காசநோய்க்கு ஊசியாகப் போடும் அதே ஸ்ட்ரெப்டோமைசின்தான்.

கிருமி புரதம் செய்யும் இடத்தில் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்துவதுதான் இந்த மருந்தின் வேலை. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டில் அந்த இடம் லேசாக மாறியிருக்கும், மருந்து ஒட்டாது. மற்றவை செத்துப்போக, வயல் முழுக்க அந்த மாறிய கிருமிகளின் வாரிசுகள்தான். இன்னும் கவலைப்பட வேண்டியது, மருந்தையே செயலிழக்கச் செய்யும் மரபணுக்களை ஒரு கிருமி வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடும் என்பது. கலிபோர்னியாவின் பேரிக்காய்த் தோட்டங்களில் 1970-களின் தொடக்கத்திலேயே தீக்கருகல் நோய்க் கிருமி இந்த மருந்துக்கு மசியவில்லை.

அதனால் முதலில் நோயை உறுதிசெய்யுங்கள். புதிதாகக் கருகிய பகுதியும் பச்சையும் சேரும் இடத்தில் ஒரு அங்குலம் வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் தண்ணீருக்குள் இருக்கும்படி துண்டை அசையாமல் பிடியுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பார்த்தால், சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் கரைவதுபோல் வெண்ணிழை இறங்கும். அதுதான் பாக்டீரியா. காய்ந்த பழைய இலையை எடுத்தால் இழை வராமல் ஏமாற்றிவிடும். புதிதாகக் கருகிய இலையிலும் வரவில்லையென்றால் பூஞ்சணமோ துத்தநாகக் குறைவோ இருக்கலாம். ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை.

இழை வந்தால் யூரியா மேலுரத்தை உடனே நிறுத்துங்கள். நோய் வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாதீர்கள். வயலுக்கு வயல் பாயும் நம் ஏலாவில் நோய் பரவுவது பெரும்பாலும் இப்படித்தான். பத்து லிட்டர் தண்ணீரில் இரண்டு கிலோ புதுச் சாணத்தைக் கரைத்து, தெளியவிட்டு, துணியில் வடிகட்டிப் பயிர்மேல் அடியுங்கள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

அடுத்த பூவுக்கு, அதாவது அடுத்த போகத்துக்கு, ஒரு கிலோ விதைக்கு பத்து கிராம் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி கலந்து விதையுங்கள். நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதீர்கள். அந்தக் காயம் கிருமிக்குத் திறந்த வாசல். சந்தேகமிருந்தால் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்துக்கு இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிளாஸ்டிக் கவரில் வியர்த்து அழுகிவிடும், காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.