கண்டது கற்கணும்னா மொதல்ல கண்ணுல படணும்

(நூலக வாரத்துக்கு கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில, அதாவது படுகர் ஊர்ல, இருக்கிற சமுதாயக்கூடத்துல நான் பேசினது. வர முடியாதவங்க கேட்டதால பேசினபடியே டைப் பண்ணி போட்டிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்கிற தலைவர் அவர்களுக்கும், இந்த மழையிலயும் ஊட்டியில இருந்து வந்திருக்கிற நூலகத்துறை ஐயா அவர்களுக்கும், கூடத்தை வாடகை வாங்காம குடுத்த ஊர்ப் பெரியவர் கவுடர் அவர்களுக்கும், பஞ்சாயத்துல இருந்து வந்திருக்கிற அக்காவுக்கும், டீயும் வர்க்கியும் ஏத்துக்கிட்ட பேக்டரிக்காரங்களுக்கும், மூணு ஸ்கூல் ஹெட்மாஸ்டர்களுக்கும், கரண்ட் போயும் எப்படியோ மைக் செட்டை ஓட விட்டிருக்கிற தம்பிக்கும், எல்லாத்துக்கும் மேல பறிச்ச தேயிலையை எடை போட்டுட்டு வீட்டுக்குக்கூட போகாம நேரா இங்க வந்து உக்காந்திருக்கிற எஸ்டேட் லைன் வீட்டு அக்கா தங்கச்சிகளுக்கும் என் வணக்கம். யார் பேராவது விட்டுப்போயிருந்தா மன்னிச்சுக்கணும். கவுடர் ஐயாவை மறுபடி ஒரு தடவை சொல்லணும், அவர் ஒரு வார்த்தை சொன்னதாலதான் இன்னைக்கு இத்தனை பேர்.

என்னை இங்க நிறைய பேருக்குத் தெரியும். 28 வருஷம் சத்துணவு அமைப்பாளரா இருந்தேன், பிள்ளைங்க சத்துணவு டீச்சர்னு கூப்பிடும். நான் பாடம் நடத்தினவ இல்ல. ஆனா எந்தப் பிள்ளை காலையில சாப்பிடாம வந்திருக்குன்னு முகத்தைப் பாத்தே சொல்லிடுவேன், படிக்கிற ஆசையும் அப்படித்தாங்க, முகத்துல தெரியும்.

மூணு விஷயம் பேசணும்னு எழுதிட்டு வந்தேன். பிள்ளைங்களுக்கு என்ன படிக்கப் பிடிக்கும், வீட்டுல பெரியவங்க என்ன செய்யலாம், மூணாவது செல்போன்.

மொதல் விஷயம். எங்க லைன்ல ஒரு பொண்ணு, நாலாவது படிச்சுட்டு இருந்தா. அவ அப்பா சந்தையில இருந்து பஜ்ஜி வாங்கிட்டு வந்தா எல்லாரும் பஜ்ஜியை எடுப்பாங்க, இவ எண்ணெய்ப் பேப்பரை எடுப்பா. ஒருநாள் அதுல யானை கிணத்துல விழுந்த செய்தி பாதி இருந்திருக்கு, மீதி கிழிஞ்சு போச்சு. யானை மேல வந்துச்சா இல்லையான்னு தெரியாம ராத்திரி பூரா தூங்கல, மறுவாரம் அப்பன்கூட சந்தைக்குப் போய் அந்த பஜ்ஜிக் கடை அண்ணன்கிட்ட மீதிப் பேப்பர் இருக்கான்னு கேட்டிருக்கா. அவங்கம்மா என்கிட்ட வந்து, கண்ட குப்பையெல்லாம் படிக்குது டீச்சர், கொஞ்சம் கண்டிச்சு வைங்கன்னு சொன்னாங்க. நான் சொன்னேன், கண்டது கற்கப் பண்டிதன் ஆவான்னு நம்ம பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்கம்மா, கண்டதுன்னாதான் சொன்னாங்க, நல்லதுன்னு பாத்து எடுத்துக் குடுத்ததுன்னு சொல்லல.

எங்க அண்ணன் கதையும் அதேதான். 1972-ல முத்து காமிக்ஸ் வர ஆரம்பிச்சப்போ யார்கிட்டயோ இரவல் வாங்கி பாய்க்கு அடியில ஒளிச்சு வச்சுப் படிச்சாரு, அப்பா கண்டுபிடிச்சு அடுப்புல போட்டுட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அந்தப் புக்கு முடிவு என்னன்னு அவருக்குத் தெரியாது, சொல்லும்போது இப்பவும் முகம் வாடிடும். பிள்ளைங்களுக்கு என்ன பிடிக்கும்னு ரொம்ப யோசிக்க வேண்டாம், அதுங்க பாக்கிறது பிடிக்கும். நம்ம பக்கத்துப் பசங்க சிங்கம் படத்தைத் தள்ளிட்டு கரடி இருக்கா, காட்டெருமை இருக்கான்னுதான் தேடும், ஏன்னா சாயந்திரம் தேயிலைக்குள்ள அதைத்தானே பாக்குது. விடுகதை, கிரிக்கெட், பேய்க்கதை, லாரி படம், எதுவா இருந்தாலும் படிக்கட்டும்.

ரெண்டாவது, வீடு. வீட்டுல படுகு பேசுற பிள்ளைக்கு புத்தகத்துத் தமிழ் கொஞ்சம் தூரம்தான், அதனால படத்தைக் காட்டி கதையைப் படுகுலயே சொல்லுங்க, தப்பே இல்ல. இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைங்களுக்கும் அவங்க பேச்சுலயே சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியா இருந்தா பேத்தியைப் படிக்கச் சொல்லி உக்காந்து கேளுங்க, கேக்க ஆள் இருந்தா பிள்ளை படிக்கும். இதை இன்னும் விரிவா சொல்லணும், அதுக்கு முன்னாடி ஒரு கதை சொல்லிடுறேன், இல்லைன்னா இதை சொல்லாமலே போயிடுவேன்.

2009 நவம்பர் மழை. இங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. மண்ணு சரிஞ்சு எத்தனை வீடு, எத்தனை உயிர். ரோடெல்லாம் அடைபட்டுப் போச்சு. நான் வேலை பாத்த ஸ்கூல்ல அரிசி மூட்டை வைக்கிற ரூம்லயே ஒரு இரும்பு பீரோ, அதுக்குள்ள லைப்ரரி புக்கு. நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து அந்த பீரோவைத் திறந்து நான் பாத்ததே ரெண்டு தடவைதான், ரெண்டும் இன்ஸ்பெக்சனுக்கு. மழை நின்ன மறுநாள் ரூமைத் திறந்தா சுவரோரமா தண்ணி இறங்கி பீரோ அடித்தட்டு வரைக்கும் ஊறிக்கிடக்கு. சாவி வச்சிருந்த சார் மேட்டுப்பாளையத்துல மாட்டிக்கிட்டாரு, பஸ் கிடையாது. போன்ல கேட்டேன், உடைங்கன்னு சொல்லிட்டாரு, அவருக்கு இன்னைக்கும் நான் நன்றி சொல்றேன். சமையல் பண்ற அக்கா விறகு வெட்டுற கத்தியால பூட்டைத் தட்டித் தெறிக்க விட்டாங்க. உள்ள நூத்துக்கும் மேல புக்கு, கீழ்த்தட்டு பூரா நனைஞ்சு ஒட்டிப்போயிருந்துச்சு, மேல்தட்டு மழையில நனையல, ஆனா பூஞ்சை பிடிச்சு வெள்ளை வெள்ளையா இருக்கு.

வெயில் எங்க இருக்கு? சமையல் ரூம்ல அடுப்புக்கு மேல கயிறு கட்டினோம், துணி காயப்போடுற மாதிரி புக்கை விரிச்சுத் தொங்க விட்டோம். ஒரே பக்கம் விரிச்சு வச்சா மத்ததெல்லாம் ஒட்டிக்கும், கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் பக்கம் திருப்பணும், நாங்க ரெண்டே பேர், சோறும் பொங்கணும். நிவாரணத்துக்காக ஸ்கூல்லயே தங்கியிருந்த குடும்பத்துப் பிள்ளைங்க குளிருக்கு அடுப்போரம் வந்து நின்னுச்சுங்க, சரி வாங்க, ஆளுக்கு மூணு புக்கு, பக்கம் திருப்புற வேலை உங்களுதுன்னு சொன்னேன்.

அவ்வளவுதாங்க நான் செஞ்சது. கொஞ்ச நேரத்துல பாத்தா ஒரு சத்தமும் இல்ல. திருப்புறதே இல்ல, ஒவ்வொண்ணும் வாயைப் பிளந்து மேல பாத்துட்டு நிக்குது. ஒரு பையன், கிளாஸ்ல வாயே திறக்காதவன், பேரு கூப்பிட்டா உள்ளேன் ஐயா சொல்லவே அழுவான், அவன் தலையைச் சாய்ச்சு வச்சுக்கிட்டு எழுத்துக்கூட்டிப் படிக்கிறான், பக்கத்துல ரெண்டு சின்னதுங்க அவன் வாயையே பாத்துட்டு இருக்கு. பக்கம் இன்னும் காயல, ஈரத்தோட திருப்பினா கிழிஞ்சிடும், அடுத்து என்னன்னு அவனுக்குப் பொறுக்கல, வாயால ஊதி ஊதிக் காய வைக்கிறான். நான் குழம்பை அடிப்பிடிக்க விட்டுட்டு அதைப் பாத்துட்டு நின்னேன். மூணு நாள் அப்படி. நாலாவது நாள் அவன் வந்து, டீச்சர், இன்னும் கொஞ்சம் நனைச்சு வைக்கலாமான்னு கேட்டான்.

ரோடு திறந்துச்சு, வெயில் வந்துச்சு. புக்கையெல்லாம் எண்ணினாங்க, எண்ணிக்கை சரியா இருந்துச்சு, புதுப் பூட்டு வாங்கி பீரோவைப் பூட்டிட்டாங்க.

இதுல யாரையும் குத்தம் சொல்ல நான் வரல, ஆனா பயம் எங்க இருக்குன்னு சொல்லணும். ஒரு புக்கு காணாமப் போனா ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இடிக்கும், ஆடிட்ல கேப்பாங்க, கையில இருந்து கட்ட வேண்டி வருமோன்னு வாத்தியாருக்குப் பயம். கோத்தகிரி குளிர்ல பூட்டின பீரோவுக்குள்ள காத்தில்லாம புக்கு பூஞ்சை பிடிச்சுச் செத்தா யாரும் கேக்கிறதில்ல, பிள்ளை கையில கிழிஞ்சா கேக்குறாங்க. ஐயா அவர்களே, உங்ககிட்ட நான் கேக்கிறது இது ஒண்ணுதான். பிள்ளைங்க படிச்சுக் கிழிஞ்ச புக்கை கழிச்சுக்கலாம், யார் சம்பளத்துலயும் பிடிக்க மாட்டோம்னு எழுத்துல குடுங்க.

சீர்காழியில 1892-ல பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் ஐயா நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினாரு, 1931-ல. மொத விதியே புத்தகம் பயன்படுத்துறதுக்குத்தான்னு இருக்கு. வெளிநாட்டுல ஒரு காலத்துல புத்தகத்தை அலமாரியோட சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருந்தாங்கன்னு அதுலயே எழுதியிருக்காரு. நமக்குச் சங்கிலி இல்ல, பீரோ இருக்கு. அதே 1931-ல மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில புத்தகம் ஏத்தி ஊர் ஊரா கொண்டு போனாங்க, மாடே கொண்டு வந்து குடுத்துச்சுங்க. இப்போ கவர்மெண்ட்டு வாசிப்பு இயக்கம்னு நுழை, நட, ஓடு, பறன்னு நாலு வகையா சின்னச் சின்னப் புக்கு போட்டுக் குடுக்குது, ரொம்ப அழகா இருக்கு, நான் கையில எடுத்துப் பாத்தேன். அதையும் பீரோவுல வச்சுப் பூட்டிட்டா எந்தப் பிள்ளை நுழையும், எது பறக்கும்? கண்டது கற்கப் பண்டிதன் ஆவான். காணவே விடலைன்னா எப்படிக் கற்கும்?

இன்னொண்ணு, நூலகம் நம்ம காசு. 1948-ல சட்டம் வந்து, வீட்டு வரியில ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்குன்னு நாம கட்டிட்டு இருக்கோம். அதனால நேரத்தையும் கேக்கலாம். பிள்ளைங்க பஸ் இறங்கி வரவே நாலரை ஆகுது, ஆறு மணிக்கு மேல கரடிக்குப் பயந்து யாரும் வெளிய விட மாட்டோம், நடுவுல அந்த ஒன்றரை மணி நேரம் திறந்திருந்தாப் போதும். ஞாயித்துக்கிழமையும் கொஞ்ச நேரம். பிள்ளைங்க புக்கு அதுங்க கைக்கு எட்டுற கீழ்த்தட்டுல, அட்டை தெரியுற மாதிரி. அவ்வளவுதான்.

செல்போன் பத்திப் பேசணும்னு எழுதி வச்சிருந்தேன், கண்டக்டர் தம்பி கை காட்டுறாரு, கடைசி பஸ் கிளம்பிடும். அடுத்த தடவை பேசுறேன்.

வர்ற சனிக்கிழமை காலையில 10 மணிக்கு நம்ம நூலகத்துல கீழ்த்தட்டு அடிக்கிறோம், கார்பெண்டர் அண்ணன் கூலி வேண்டாம்னு சொல்லிட்டாரு. மூணு ஹெட்மாஸ்டர்ல ரெண்டு பேர் பீரோ சாவியைப் பிள்ளைங்ககிட்டயே குடுக்கிறேன்னு இப்போ டீ குடிக்கும்போது என்கிட்ட சொல்லியிருக்காங்க, மூணாவது சார் யோசிச்சுச் சொல்றேன்னாரு, நான் திங்கக்கிழமை வந்து கேக்கிறேன் சார். யார் வீட்டுலயாவது பழைய பலகை இருந்தா, நாலடிக்குக் குறையாம, சனிக்கிழமை கொண்டு வாங்க. நன்றி, வணக்கம்.