இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருந்த ஊசி

வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தோப்பில் வேலை செய்துகொண்டே ரேடியோ கேட்கிறவர்களுக்கும், எல்லை தாண்டி அந்தப் பக்கம் பொள்ளாச்சி, கிணத்துக்கடவில் கேட்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. கோயமுத்தூரில் குழந்தையின்மை சிகிச்சை செய்கிற ஒரு கிளினிக்கில் நர்சாக இருந்தேன். விடியும் முன் உக்கடம் பஸ் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்பியே காலம் ஓடிவிட்டது. இப்போது ஓய்வு. ஊரில் இன்னமும் 'சிஸ்டரக்கா'தான்.

கருமுட்டை தானம், அதாவது சொந்த முட்டை பலிக்காத ஒரு பெண்ணுக்காக இன்னொரு பெண் தன் முட்டையைக் கொடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தப் பேச்சை எடுத்தால் நம் ஊரில் முதலில் வருகிற கேள்வி, 'அப்போ அது யாரு குழந்தை?' சரி, அதற்கும் வருகிறேன். அதற்கு முன் ஒரு ஃபிரிட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2021-இல் இந்த மாதிரி சிகிச்சைகளுக்கென்று சட்டம் வருவதற்கு முன் நடந்தது இது. எல்லையோரக் கிராமத்துப் பெண், வயது 26. இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர் லோடு ஏற்றுகிற வேலை. முட்டை கொடுக்க வந்திருந்தாள். அவளுக்கு எழுதிக் கொடுத்த ஹார்மோன் ஊசி பேனா மாதிரி இருக்கும். 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. அவள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. பக்கத்து வீட்டில் இட்லி மாவு தூக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, 'மாமியாருக்கு சுகர் ஊசி' என்று சொல்லியிருக்கிறாள். பார்க்க இன்சுலின் பேனா மாதிரியே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் ஊசியை எடுப்பது, கதவைச் சாத்திக்கொண்டு தொப்புளுக்குக் கீழே தானே போட்டுக்கொள்வது. பத்து நாள் இப்படி. மாமியாருக்கு சுகரே கிடையாது, பாவம், அந்தப் பத்து நாளும் பக்கத்து வீட்டில் அந்தம்மாவுக்கு யாரும் காப்பியில் சர்க்கரை போடவில்லை.

அந்த ஊசி என்ன செய்கிறது? மாதாமாதம் சினைப்பையில் ஒரு கூட்டம் முட்டைகள் வளர ஆரம்பிக்கும். அதில் ஒன்று மட்டும் முந்தி முதிர்ந்து வெளியே வரும், மற்றவை சுருங்கிப் போகும். ஊசி அந்தச் சுருங்கிப் போகிற முட்டைகளையும் சேர்த்து வளர வைக்கிறது. அதனால்தான் 'முட்டை தீர்ந்துபோயிடுமா சிஸ்டர்?' என்று கேட்டால், 'இல்லை, எப்படியும் போக இருந்ததைத்தான் எடுக்கிறோம்' என்று சொல்வேன். பெண் குழந்தை பிறக்கும்போதே 10 லட்சத்துக்கும் மேல் முட்டை இருக்கும். வயசுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். அதில் வாழ்நாள் முழுக்க முதிர்ந்து வெளியே வருவது 400, 500 மட்டும்தான்.

ஊசிக்கு முன் பரிசோதனைகள் உண்டு. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், அப்புறம் ரத்தத்தில் பரம்பரைக் கோளாறு. இந்தக் கடைசி சோதனையை நம் பகுதியில் அலட்சியமாக விடக்கூடாது. அட்டப்பாடி மலையில் அரிவாள் அணு சோகை எத்தனை குடும்பங்களைப் பிடித்திருக்கிறது என்று பாலக்காட்டுக்காரர்களுக்குத் தெரியும். கொடுக்கிறவளுக்கு அந்த மரபணு பாதி இருந்தால் அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆள் நன்றாகத்தான் இருப்பாள். வாங்குகிற வீட்டுக் கணவருக்கும் பாதி இருந்துவிட்டால், குழந்தைக்கு முழு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

ஊசி போடுகிற நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன். சினைப்பைக்குள் முட்டை வளர்கிற சின்ன நீர்ப்பை 18 மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் 'டிரிகர்' என்று ஒரு கடைசி ஊசி. நேரம் தப்பக்கூடாத ஊசி இதுதான். இது போட்டு 34-லிருந்து 36 மணி நேரத்துக்குள் முட்டையை எடுத்தாக வேண்டும். தாமதித்தால் முட்டை தானாக வெளியேறிவிடும், எல்லாம் வீண். இந்தப் பெண்ணுக்கு ராத்திரி பத்தரை மணி என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அன்றைக்கென்று கரண்ட் போய்விட்டது. பத்து இருபதுக்கு எனக்குப் போன்: 'சிஸ்டரக்கா, மெழுகுவத்தி வெளிச்சத்துல போடலாமுங்களா?' நன்றாகப் போடலாம். போனை வைக்காமலே போட்டாள்.

முட்டை எடுப்பதை நாங்கள் 'பிக்கப்' என்போம். லேசாக மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். இருபது நிமிஷம், அரைமணி நேரம். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்.

போகலாம், ஆனால் அங்கேதான் எனக்கு வருத்தம். பிக்கப் முடிந்ததும் டாக்டர், லேப், எல்லோர் கவனமும் முட்டைக்குப் பின்னால் போய்விடும். கட்டிலில் கிடக்கிறவள் 'முடிஞ்ச கேஸ்'. ஆனால் அவள் சினைப்பை அப்போது நெல்லிக்காய் அளவிலிருந்து ஆரஞ்சு அளவுக்கு வீங்கியிருக்கும். தண்ணிக்குடம், செங்கல், தேங்காய் மூட்டை எதையும் தூக்கினால் அது முறுக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. சிலருக்கு ரத்தக் குழாயில் இருக்க வேண்டிய நீர் கசிந்து வயிற்றில் சேரும். வயிறு உப்பும், எடை தினமும் ஒரு கிலோ ஏறும், சிறுநீர் குறையும், மூச்சு வாங்கும். இதில் எதைப் பார்த்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டிரிகருக்கு இப்போது வேறு வகை மருந்து பயன்படுத்துவதால் இந்த ஆபத்து நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் இல்லாமல் போகவில்லை. இன்னொன்று, ஊசி போடுகிற நாட்களிலும் அடுத்த மாதவிடாய் வரும்வரையும் கணவரோடு சேரக்கூடாது. எடுக்காமல் விட்டுப்போன ஒரு முட்டை போதும், அவளே கர்ப்பமாகிவிடுவாள்.

இனி வாங்கிக்கொள்கிறவர். நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், புற்றுநோய்க்கு கீமோ எடுத்தவர்கள், பிறவியிலேயே சினைப்பை சரியாக வளராதவர்கள், வயதானதால் சொந்த முட்டை பலிக்காதவர்கள். இவர்களுக்கு உடம்பு வேலை குறைவு: இரண்டு வாரம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, கருப்பை உள்சுவர் தடித்ததும் புரொஜெஸ்டெரோன். அதற்குள் லேபில் கணவரின் விந்தணுவோடு முட்டையைச் சேர்த்து, மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கருவை மெல்லிய குழாயில் உள்ளே வைப்பார்கள். இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை. முன்பெல்லாம் இரண்டு பெண்களின் மாதச் சுழற்சியையும் மாத்திரை கொடுத்து ஒரே நாளுக்கு இழுத்து வருவோம். இப்போது முட்டையை மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிடுவதால் அந்த அவசரம் இல்லை.

அப்புறம், அந்தக் கேள்வி. நிறம், மூக்கு எல்லாம் முட்டை கொடுத்தவள் வழியிலும் அப்பா வழியிலும்தான் வரும், மறைப்பதற்கில்லை. ஆனால் சட்டப்படி அந்தக் குழந்தை பெற்றவளுக்கும் அவள் கணவருக்கும் பிறந்த குழந்தை. கொடுத்தவளுக்கு உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை. ஒரு அம்மா கரு வைத்த அன்றே என் கையைப் பிடித்துக்கொண்டு, 'என் சாயல் வராதில்ல?' என்றார். 'ஒன்பது மாசம் உங்க ரத்தத்துல வளரப் போகுது, அப்புறம் நீங்க திட்டுற மாதிரியே அது திட்டும், பாருங்க' என்றேன். சிரித்துவிட்டார்.

சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கொடுக்கிறவளுக்கு வயது 23 முதல் 35 வரை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, அதுவும் அதிகபட்சம் ஏழு முட்டை. பதிவுபெற்ற கருமுட்டை வங்கி வழியாகத்தான் எல்லாம். 'என் தங்கச்சி கொடுப்பா' என்று நேராகக் கிளினிக்கில் கொண்டுவந்து உட்கார வைக்க முடியாது. வாங்குகிற பெண்ணுக்கு வயது 50 தாண்டக்கூடாது. கொடுத்தவளுக்கு 12 மாதக் காப்பீட்டை வாங்குகிறவர்களே எடுத்துத் தர வேண்டும். இதை யாரும் கேட்டு வாங்குவதில்லை, கேளுங்கள். கரு உள்ளே வைக்கும்வரை 'வேண்டாம்' என்று பின்வாங்க வாங்குகிற தம்பதிக்கு உரிமை உண்டு. விலைக்கு விற்பதும் வாங்குவதும் குற்றம்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2022-இல் ஈரோட்டில் வெளிவந்த வழக்கு ஞாபகம் இருக்கும். 16 வயதுச் சிறுமி. ஆதாரில் வயதைக் கூட்டி, திரும்பத் திரும்ப முட்டை எடுக்க வைத்திருந்தார்கள். நடந்தது தமிழ்நாட்டோடு நிற்கவில்லை, கேரளாவுக்கும் ஆந்திராவுக்கும்கூடக் கூட்டிப் போயிருந்தார்கள். எல்லை என்பது நமக்கு ஒரு செக்போஸ்ட், ஒரு டீக்கடை. புரோக்கருக்கு அது வசதி. இங்கே கொடுத்தது அங்கே தெரியாது, மூன்று மாதம் கழித்து அதே பெண்ணை வேறு பெயரில் அடுத்த மாநிலத்தில் படுக்க வைக்கலாம். வேலந்தாவளத்தில் யாராவது உங்கள் வீட்டுப் பெண்ணிடம் 'ஒரு வாரம் ஊசி, கை நிறையப் பணம்' என்று பேசினால், எந்த வங்கி, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். ஆள் அடுத்த பஸ்ஸில் போய்விடுவான்.

அந்த 26 வயதுப் பெண்ணுக்கு பிக்கப் முடிந்து ஏழு நாள் தினமும் போன் செய்தேன். ஒன்னுக்கு சரியாகப் போகிறதா, சேலை இடுப்பில் இறுகுகிறதா என்று கேட்பேன். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து அவளே கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் மழை, தக்காளி விலை என்று பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தி, 'அந்த அக்காவுக்கு கரு நின்னுச்சுங்களா?' என்றாள். நின்றிருந்தது. இதயத் துடிப்பு வந்த ஸ்கேனை முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். ஒருத்தரைப் பற்றி இன்னொருத்தரிடம் சொல்லக்கூடாது என்பது விதி.

'சாப்ட்டியா கண்ணு?' என்றேன்.