413 பந்துகள்

நேயர்களுக்கு வணக்கம். நகர மண்டப எம்ஆர்டி நிலையத்துக்கு மேலே நிற்கும் ராஃபிள்ஸ் சிட்டியில், 2005 ஜூலையில் அனைத்துலக ஒலிம்பிக் குழு கூடியது. 2012 போட்டிகள் லண்டனுக்குக் கிடைத்த ஆரவாரமே நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு நாள் கழித்து அதே கூட்டத்தில், பேஸ்பாலை ஒத்த சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு ஆதரவாக 52, எதிராக 52 வாக்குகள் விழுந்தன. பெரும்பான்மை கிட்டாததால் 2012 முதல் அது நீக்கப்பட்டது.

ஜப்பானின் பந்துவீச்சாளர் யுகிகோ உயெனோவுக்கு அப்போது 22 வயது. முந்தைய ஆண்டு ஏதென்ஸில், சீன அணியில் ஒருவரைக்கூட, மட்டையாளர் முதலில் ஓடி எட்டவேண்டிய முதல் தளத்தை எட்டவிடாமல் ஓர் ஆட்டம் முழுவதையும் வீசி முடித்திருந்தவர் அவர். கையைத் தோளிலிருந்து முழு வட்டமாகச் சுழற்றி இடுப்பருகே பந்தை விடும் இந்த ஆட்டத்தில், வீசுபவருக்கும் மட்டையாளருக்கும் இடையே 13.11 மீட்டர்தான். தாழ வீசுவதால் இதை எளிதென்று நினைப்பவர்கள் ஒருமுறை மட்டையோடு எதிரே நின்று பார்க்கலாம்.

ஆகவே 2008 பெய்ஜிங்தான் கடைசி வாய்ப்பு என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்காவிடம் ஒன்பது இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஏழுதான்) வீசி 4-1 எனத் தோற்ற உயெனோ, இறுதிக்குச் செல்ல மிஞ்சிய இன்னொரு வாய்ப்பில் அன்றே ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பன்னிரண்டு இன்னிங்ஸ் வீசி அணியை இறுதிக்குக் கொண்டுசென்றார். அந்த ஒரே நாளில் 318 பந்துகள். மறுநாள் இன்னும் 95 வீசி, ஒலிம்பிக்கில் தொடர்ந்து 22 ஆட்டங்களை வென்றிருந்த அமெரிக்காவை 3-1 என வீழ்த்தினார். ஒரு கையை இப்படி வருத்தலாமா என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அவரிடமிருந்து பந்தை வாங்கிக்கொள்ள அன்று வேறு ஆள் இல்லை.

சாஃப்ட்பால் ஒலிம்பிக்குக்குத் திரும்பப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. இடையே 2012, 2014 உலக வெற்றியாளர் பட்டங்களை ஜப்பான் வென்றது. 2019இல் உள்நாட்டு லீக் ஆட்டமொன்றில் பந்து பட்டு அவருடைய தாடையெலும்பு முறிந்தது. 2021 ஜூலையில் 39 வயதை எட்டிய ஐந்தாம் நாள், யோகோஹாமாவில் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் மீண்டும் அதே அமெரிக்காவுக்கு எதிரே நின்றார். ஆறாம் இன்னிங்ஸில் இருபது வயது மியு கோட்டோ அவரிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். தொடக்க ஆட்டக்காரர் ஒருமுறை திரும்பி வரலாம் என்பது சாஃப்ட்பால் விதி. ஏழாம் இன்னிங்ஸுக்கு உயெனோ திரும்பி வந்தார். 2-0 என ஜப்பான் வென்று ஆட்டம் முடிந்தபோது வீசிக்கொண்டிருந்தவர் அவர்தான்.