வற்றும் நீரில் வளரும் தவளைகள்

மதுரை வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஐப்பசியில் நல்ல மழை இறங்கிய இரவொன்றில் மேலூர்ப் பக்கமோ அலங்காநல்லூர்ப் பக்கமோ ஒரு கண்மாய்க் கரையில் நின்றால், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காத அளவுக்குத் தவளைகளின் சத்தம் எழும். அவ்வாறு கத்துபவை பெரும்பாலும் ஆண் தவளைகள். ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் குரல் உண்டு என்பதால், ஒன்றைக்கூடக் கண்ணால் பாராமல், ஒலிப்பதிவை வைத்தே அங்கே எந்தெந்த இனங்கள் கூடியுள்ளன என்பதை ஆய்வாளர்கள் பெருமளவு அறிந்துவிடுகிறார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று நம் முன்னோர் சொன்னது கூர்ந்து கவனித்தவர்களின் பேச்சு. கத்தினால் எதிரிக்கு இருப்பிடம் தெரிந்துவிடும். கத்தாவிட்டால் இணை சேராது.

குரலைக் கேட்பதால் என்ன தெரியவரும் என்பதற்கு நமக்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலிருந்து 2003ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு அறிமுகமான ஊதாத் தவளை, ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துக் கரையான் தின்று வாழ்வது. அதன் நெருங்கிய உறவினங்கள் இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. அதே பேரினத்தின் இரண்டாவது இனத்தை 2017இல் ஆய்வாளர்கள் விவரித்தது, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியிலிருந்து. எலும்பமைப்பும் மரபணுவும் மட்டுமன்றி, ஆணின் அழைப்புக் குரலும் அது வேறு இனம் என்று காட்டிற்று. கேரளத் தவளை தென்மேற்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்ய, இது வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. அதன் தலைப்பிரட்டைகள் பாய்ந்து வரும் ஓடை நீரில், உறிஞ்சும் வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. ஊர்வனவற்றையும் நீர்நில வாழ்விகளையும் ஆராய்ந்து மறைந்த பூபதியின் பெயரையே இந்த இனத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

மலையை விட்டுச் சமவெளிக்கு வருவோம். நம் ஊர்த் தவளைகளைப் பற்றி நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது, அவற்றில் பலவற்றுக்குப் பெரிய நீர்நிலை தேவையில்லை என்பதைத்தான். மண்ணில் புதைந்து வாழும் தவளையைக் கையில் எடுத்துப் பார்த்தால், பின்னங்காலின் அடியில் மண்வெட்டி போன்ற கெட்டியான புடைப்பு ஒன்று தெரியும். அதனால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்புறமாகவே உள்ளே இறங்கும் அது, கோடை முழுவதும் அங்கே கிடந்து, மழை விழுந்ததும் வெளியே வந்து, வயல் ஓரத்திலும் வண்டித் தடத்திலும் கண்மாய் உள்வாயின் ஓரப் பள்ளங்களிலும் தேங்கும் ஆழமற்ற நீரில் முட்டையிடுகிறது. மரத்தவளையோ நீருக்கு மேலே, செடியிலோ தொட்டிச் சுவரிலோ, பெண் சுரக்கும் திரவத்தைக் கால்களால் அடித்து நுரைக் கூடு கட்டி, அதற்குள் முட்டையிடும். சில நாட்களில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் கீழே உள்ள நீரில் விழும்.

சில வாரங்களில் வற்றிப்போகும் நீரை இவை ஏன் நாடுகின்றன? அங்கே மீன் இல்லை என்பதே முக்கியமான காரணம். குட்டை வற்றுவதற்குள் கால் முளைத்துக் கரையேறினால் பிழைத்தன. ஆகையால், தூர்வாரும்போது இயந்திரத்தை இறக்கிக் கரையோரம் முழுவதையும் செங்குத்தாக ஆழமாக்கிவிட்டு, ஜிலேபிக் கெண்டையையும் விட்டுவிட்டால், கண்மாயில் தண்ணீர் நிறைந்திருந்தும் தவளைக்குஞ்சு வளர இடமிராது. கொசுப் புழுவைத் தின்பதற்காக 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீன் தலைப்பிரட்டையையும் விட்டுவைப்பதில்லை. அதனை மழைக்குட்டைகளிலும் ஊருணிகளிலும் விடுவதை நான் எதிர்க்கிறேன். வயலில் தெளிக்கும் மருந்தும், நீரையும் காற்றையும் தோல்வழியே உட்கொள்ளும் இந்த உயிரை எளிதில் தாக்குகிறது.

தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987இல் தடை செய்தது. அது நல்ல முடிவு. ஆனால் பிடிப்பதைத் தடுத்தால் மட்டும் போதாது, வாழிடமும் வேண்டும். உலகின் நீர்நில வாழ்விகளில் ஏறத்தாழ 41 விழுக்காடு அழிவின் அச்சுறுத்தலில் இருப்பதாக 2023இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியிலும், அழகர்மலை அடிவாரத்திலும், பறவைகளைக் கணக்கெடுக்கும் அக்கறையோடு தவளைகளையும் ஆண்டுதோறும் கணக்கெடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இதில் நேயர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்தப் பருவத்தின் முதல் பெருமழை பெய்த இரவில், உங்கள் ஊர்க் குட்டையருகே கைபேசியில் ஐந்து நிமிடம் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள்; நாள், நேரம், இடம், மழை நின்று எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் எழுதி வையுங்கள். தவளையைப் பிடிக்கவோ கையாளவோ வேண்டாம். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் பதிவு செய்து, இரண்டையும் அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறையில் கொடுங்கள். கண்மாய் தூர்வாருவதைப் பற்றிக் கிராம சபையில் பேச்சு வரும்போது, ஒரு பக்கக் கரையோரத்தையாவது சரிவாகவும் ஆழமில்லாமலும் விட்டுவைக்கும்படி கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.