தீ அணைந்த கப்பலுக்குள் இறங்கும் முன்

வணக்கம் நேயர்களே.

கப்பலில் பிடித்த தீயை அணைத்தாயிற்று என்று தெரிந்ததும் உரிமையாளரும் காப்பீட்டுக்காரரும் துறைமுக அதிகாரியும் கேட்பது ஒன்றைத்தான்: எவ்வளவு சேதம்? அதைப் பார்த்துச் சொல்ல உள்ளே இறங்குகிற சர்வேயர் உயிரோடு மேலே வர வேண்டுமே, அந்தக் கவலை எனக்கு முதலில் வருகிறது.

காற்றிலிருந்து தொடங்குவோம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். தீ அதைக் குறைத்துவிட்டு, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை விட்டுச் செல்கிறது. என்ஜின் அறையில் கார்பன் டை ஆக்சைடைத் திறந்துவிட்டுத் தீயை அணைத்திருந்தால், காற்றைவிடக் கனமான அந்த வாயு கீழ்த்தளங்களில் தேங்கி நிற்கும். தீ தொடாத டேங்கையும் நம்பக் கூடாது. மூடிக் கிடக்கும் இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும்போதே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஆகவே வாயுக்களை அளக்கும் கருவியின் குழாயை வெளியிலிருந்தே இறக்கி மேலே, நடுவே, அடியில் என்று அளந்து பார்க்க வேண்டும். இறங்கிய பிறகும் கருவி உடம்போடு இருக்க வேண்டும், வாசலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் சுருண்டு விழுந்தால், வாசலில் நிற்பவர் சுவாசக் கருவி இல்லாமல் பின்னால் குதிக்கவே கூடாது. மூடிய இடங்களில் இறந்தவர்களில் காப்பாற்றப் போனவர்கள் நிறையப் பேர்.

அவசரப்பட்டுக் கதவைத் திறப்பதும் ஆபத்துதான். சூடு தணியாத அறைக்குள் புதுக்காற்று புகுந்தால் தீ மறுபடி பற்றிக்கொள்ளும். சுற்றுச்சுவர்களின் வெப்பம் தொடர்ந்து இறங்குகிறதா என்று வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டும்.

அடுத்து, கப்பல் நிலையாக மிதக்கிறதா? 1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பல் தீப்பிடித்தது. தீயைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அதற்காக இறைத்த தண்ணீர் மேல்தளங்களில் தேங்கி, மறுநாள் விடிவதற்குள் கப்பலே கவிழ்ந்தது. அகலமான தட்டில் தண்ணீரை ஏந்தி நடந்து பாருங்கள், சற்றுச் சாய்ந்தாலும் அத்தனையும் ஒரே பக்கம் ஓடும். அதனால் கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று காட்டும் மிதவை ஆழக் குறிகளை முன்னும் பின்னும் நடுவிலும் படித்து, எந்த அறையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கணக்கெடுத்த பிறகே இறங்கலாம். சாய்வு கூடிக்கொண்டே போனால் ஆய்வை நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும்.

எஃகுக்கு வருகிறேன். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சாதாரண எஃகு 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே வலுவில் பாதியளவை இழந்துவிடும். ஆறியபின் பார்த்தால் தகடு முழுசாகத் தெரியும். மீயொலிக் கருவி தகட்டின் தடிமனைச் சொல்லுமே ஒழிய, வெந்த எஃகின் குணம் மாறியிருக்கிறதா என்று சொல்லாது. அதற்குக் கடினத்தன்மையைச் சோதிக்க வேண்டும், சந்தேகம் தீராவிட்டால் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தடயங்களும் உண்டு. தடுப்புச்சுவரின் மறுபக்கத்தில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் வெப்பம் அங்கும் போயிருக்கிறது. தகடு நெளிந்திருந்தால் நெளிவு முடிகிற இடத்து வெல்டிங்கில் விரிசலைத் தேடுங்கள். மேல்தளத்துக்கு மேலே எழும்பும் கட்டுமானமான மேற்கட்டு அலுமினியமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், வலு குறைவதோ அதற்கு வெகு முன்பே.

ஏணி, நடைபாதைத் தகடு எதிலும் முழு எடையை வைக்கும் முன் அது தாங்குமா என்று பாருங்கள். மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போட்டாயிற்றா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். எரிந்த பிவிசி கேபிளின் புகை, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிவிடும். பழைய கப்பலின் வெப்பக் காப்புப் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம், அதைச் சுரண்டிப் பார்க்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் போக முடியாத இடங்கள் இருக்கும். அவற்றை அறிக்கையில் ‘பார்க்கவில்லை’ என்றே எழுதுங்கள். பக்கத்து அறை நன்றாக இருக்கிறது என்பதற்காக அதையும் சேர்த்து ‘சேதமில்லை’ என்று எழுதினால், அதை நம்பித்தான் அடுத்த ஆள் இறங்குவார்.

நன்றி, வணக்கம்.